28 நாளுக்கு 12 லட்சம்: பிரிட்டன் விசாவின் கணக்கு

செப்டம்பர் சேர்க்கைக்குப் பிரிட்டன் போகிறவர்கள் வீட்டில் இப்போது ஓடுவது நாள் கணக்கு. ஓசூர், மத்திகிரி, ராயக்கோட்டை, பர்கூர் என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: அக்கவுண்டில் எவ்வளவு காட்ட வேண்டும், எத்தனை நாள் காட்ட வேண்டும்? சேர்க்கைக் கடிதம், ஆங்கிலத் தேர்வு, பெங்களூரு போய்க் கைரேகை வைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே பணத்துக்கு வருவோம்.

2025 நவம்பர் 11 முதல், லண்டனுக்கு வெளியே படித்தால் மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. ஒன்பது மாதத்துக்கு முறையே 10,539, 13,761. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12.65 லட்சமும் 16.5 லட்சமும் ஆகிறது. முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் நிற்கும் பாக்கியும் இதோடு சேரும்.

பிரிட்டன் அரசு இந்தத் தொகைக்கு வாழ்க்கைச் செலவு என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். உள்ளூர் மாணவருக்குத் தரும் அரசுக் கடனை ஒட்டி வைத்த எண் அது. அந்தக் கடன் போதாது என்று அங்கேயே புலம்பல். ஹெப்பி என்ற உயர்கல்வி ஆய்வு மையத்துக்காக லஃபரோ பல்கலைக்கழகம் 2024-இல் போட்ட கணக்குப்படி, ஒரு மாணவர் கௌரவமாக வாழ லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 18,632 பவுண்டு தேவை. தவிர, முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் 12 மாதம். விசா கேட்பது 9 மாதக் காசு. மீதி மூன்று மாதச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

என்னை உறுத்துவது 28 நாள் விதி. மொத்தத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் விண்ணப்பம் போச்சு. அந்த 28-ஆம் நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. கணக்கு மாணவர் பேரிலோ பெற்றோர் பேரிலோ இருக்கலாம். தாய்மாமன் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அவர் கணக்கு ஆகாது. பி.எஃப். ஆகாது, பங்குகள் ஆகாது, வாங்கிப் போட்ட சைட் ஆகாது, பீரோவில் இருக்கும் நகையும் ஆகாது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். சிப்காட் தொழிலாளியின் சேமிப்பு பி.எஃப்.பிலும் சைட்டிலும் கிடக்கிறது. கிருஷ்ணகிரி மா விவசாயிக்குப் பணம் வருவது அறுவடை நேரத்தில் மட்டும். 2025-இல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது அதுவும் இல்லை. சொத்து இருந்தும் ரொக்கம் இல்லாத இந்தக் குடும்பங்களுக்காகவே 'ஃபண்ட் காட்ட' கடன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு லட்சம் குறைகிறது என்று வையுங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 24,000 ரூபாய். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை எல்லாம் கொடுத்தவர் கையில். காலம் முடிந்ததும் பணம் வந்த வழியே போய்விடும். பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போடுகிற கதைதான்.

மாணவருக்கு ஓராண்டு வாழ வழி இருக்கிறதா என்று சோதிக்க வந்த விதி, ஒரு மாதம் கடன் வாங்கும் சாமர்த்தியத்தைச் சோதிக்கிறது. மாட்டிக்கொண்டால் அடி குடும்பத்துக்கு. திடீரென்று விழுந்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று விசா அலுவலர் கேட்கலாம். பணம் உண்மையில் உங்களுடையதல்ல என்று தோன்றினால் மறுக்கலாம். போலி ஆவணம் என்றால் பத்தாண்டுத் தடை வரை போகும். மாறாக, மாணவர் பேரில் அங்கீகாரமுள்ள வங்கி தரும் கல்விக் கடன் கடிதத்துக்கு 28 நாள் நிபந்தனையே கிடையாது. கடிதம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். கடன்தான் வாங்கப் போகிறோம் என்றால் அதை நேராக வாங்குவதே மேல்.

அடுத்த பொறி வாடகை. விளம்பரத்தில் 170 பவுண்டு என்று பார்த்தால் அது வாரத்துக்கு. 51 வார ஒப்பந்தத்தில் 8,670 பவுண்டு ஆகிவிடும். காட்டிய 10,539-இல் மிஞ்சுவது 1,869; ஓராண்டுச் சாப்பாடு, பஸ், குளிர் உடுப்பு எல்லாம் அதற்குள்! லண்டன் இன்னும் மோசம்: 2024-25-இல் அங்கே மாணவர் விடுதிகளின் சராசரி ஆண்டு வாடகையே 13,595 பவுண்டு.

இனி மற்ற கேள்விகள்.

விடுதிக்குக் கட்டிய முன்பணத்தைக் கழிக்கலாமா? பல்கலைக்கழகத்திடமே கட்டியிருந்தால் 1,529 பவுண்டு வரை. தனியார் விடுதி என்றால் ஒரு பைசா கழியாது.

சித்தி வீட்டில் தங்கினால்? தொகை குறையாது.

ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்களே? இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் சாதாரண வாடகை வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது. தனியார் மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவை இதில் அடங்காது.

மருத்துவக் கட்டணம்? ஓராண்டுப் படிப்புக்கு 1,164 பவுண்டு, விண்ணப்பிக்கும்போதே, இதற்கெல்லாம் மேலே.

வேலை பார்த்துச் சமாளிக்கலாமா? வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் வேலை கிடைத்தால்.

படித்து முடித்து எவ்வளவு நாள் இருக்கலாம்? 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு, 18 மாதமாகக் குறைகிறது.

பணத்தைக் கடைசியாக எப்போது போட வேண்டும்? ஜூலை 15-இல் போட்டால் ஆகஸ்ட் 11-இல் 28 நாள் நிறையும். விசா முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். எனவே ஜூலை 15-க்கு மேல் தள்ளாதீர்கள். பவுண்டு ஏறினால் தாங்க, கேட்டதைவிட ஐம்பதாயிரமாவது கூடுதலாக வையுங்கள். முடிவு வரும்வரை அதைத் தொடவும் வேண்டாம்.