திரியில்லை, தீயுண்டு

அரக்கை இளக்கிக் கல் பதித்த ஹைதராபாத்தில், இப்போது மெழுகை உருக்கி மெழுகையே பதிக்கிறார்கள். பார்வைக்கு கேக் செய்வது போல எளிது. உண்மையில் இது தெர்மாமீட்டரும் தராசும் இல்லாமல் நடக்காத தொழில்.

சார்மினாரிலிருந்து மேற்கே பிரியும் லாட் பஜாரில், வளையல் பட்டறையின் கரியடுப்பில் அரக்கு மெல்ல இளகுகிறது. தொழிலாளி அதை உருட்டி, வளைத்து, ஆறுவதற்குள் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். சூடு குறைந்தால் கல் ஒட்டாது. கூடினால் அரக்குக்குள் முங்கிவிடும். நடுவில் கிடைக்கும் சில நிமிடங்களில்தான் கலை இருக்கிறது. அந்தக் கலைக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே நகரத்தின் மறுகோடியில், கூக்கட்பள்ளி, கொண்டாப்பூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், இதே கலையை வேறு பொருளில் பழகுகிறார்கள். அங்கே அரக்குக்குப் பதில் மெழுகு, கல்லுக்குப் பதில் வண்ண மெழுகுக் கட்டி, வளையலுக்குப் பதில் ரொட்டி. வெள்ளை மெழுகுக்குள் ரோஜா நிறத்திலும் பச்சையிலும் சதுரக் கட்டிகள் பதிந்த நீளமான பாளத்தைக் கத்தியால் துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டிலும் வேறு கோலம். மேசையில் வைத்தால், "இது என்ன ஸ்வீட்?" என்று கேட்காத விருந்தாளி குறைவு.

இது தின்பதற்கல்ல, முகர்வதற்கு. ஆங்கிலத்தில் 'வாக்ஸ் மெல்ட்' என்கிறார்கள். மெழுகுவர்த்திதான், ஆனால் திரி கிடையாது. சிறு துண்டை வெட்டி, மின்சாரத்தாலோ அடியில் ஏற்றிய சிறு விளக்காலோ சூடாகும் கிண்ணத்தில் போட்டால் மெழுகு உருகும், அதிலுள்ள வாசனை எண்ணெய் ஆவியாகி அறையை நிறைக்கும். திரியுள்ள மெழுகுவர்த்தியில் மெழுகே எரிந்து தீர்கிறது. இதிலோ மெழுகு அப்படியே இருக்கும், வாசம் மட்டும் போய்விடும். வாசம் தீர்ந்த மெழுகைக் குளிரவிட்டுப் பெயர்த்தெடுத்துக் குப்பையில் போட வேண்டும். கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வாசம் ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. சார்மினார் பக்கத்து அத்தர் கடைகளில் இன்றும் பஞ்சில் தோய்த்துப் புறங்கையில் தடவிக் காட்டித்தான் விற்கிறார்கள். பழைய நகரத்துக் கடைகளில் மாலையானால் சாம்பிராணிப் புகை. நகரின் ஓரமான போடுப்பலில், மருந்து மற்றும் வாசனைத் தாவரங்களுக்கான மத்திய அரசு நிறுவனமான 'சீமேப்'பின் ஆய்வு மையம் இருக்கிறது. ஆக, வாசனைக்குச் சரித்திரமும் உண்டு, விஞ்ஞானமும் உண்டு. புதிதாக வந்திருப்பது மெழுகு மட்டும்.

அந்த மெழுகும் அவ்வளவு புதிதல்ல. பாரஃபின் என்பது கச்சா எண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. அஸ்ஸாமின் டிக்பாய், நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சென்னை மணலியிலும் தயாராகிறது. சிவகாசித் தீக்குச்சியின் முனை மருந்தில் முக்கப்படுவதற்கு முன் மெழுகில் தோய்கிறதே, அதே மெழுகுதான். மற்றொரு வகை, சோயா எண்ணெய்யில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா மெழுகு. இது 1990-களில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. பாரஃபின் உருக 58, 60 டிகிரி வேண்டும். சோயா மெழுகுகளில் பல 50 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தில்தான் இந்தத் தொழிலின் பாதி வெற்றியும் பாதித் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

சூடுதான் சூத்திரம்

முதல் நாள் வேலை, கட்டிகள். மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்க வேண்டும். 75, 80 டிகிரி வந்ததும் நிறம் சேர்க்கிறார்கள். சற்று இறக்கி வைத்து, வாசனை எண்ணெய்யை ஊற்றி இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குகிறார்கள். அவசரப்பட்டால் எண்ணெய் மெழுகோடு சேராமல் அடியில் தங்கும். பிறகு தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, பர்ஃபி போலத் துண்டு போட்டு, ஒரு நாள் முழுக்க ஆறவிடுகிறார்கள்.

இரண்டாம் நாள்தான் சோதனை. ரொட்டி வடிவ சிலிக்கோன் அச்சில் கட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் வெள்ளை மெழுகை ஊற்ற வேண்டும். மெழுகு அதிகச் சூடாக இருந்தால் கட்டிகளின் விளிம்பு கரைந்து, ரோஜாவும் பச்சையும் குழம்பி ஒரே கலங்கல். சூடு தணிந்துவிட்டால் மெழுகு இடுக்குகளுக்குள் இறங்காது. வெளியே முழு ரொட்டியாகத் தெரிவது, கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிரும். அதன் உருகுநிலைக்கு மேல் சில டிகிரி மட்டுமே சூடாக, மெல்லிய தாரையாக ஊற்றி, அச்சை மேசையில் இரண்டு முறை தட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றுவதுதான் வழி. லாட் பஜார் தொழிலாளி விரல் நுனியால் அறிவதை, வீட்டில் செய்கிறவர் தெர்மாமீட்டரைப் பார்த்து அறிகிறார்.

வெட்டுவதற்கும் நேரம் உண்டு. வெளியே கெட்டித்து, உள்ளே லேசான வெதுவெதுப்பு இருக்கும்போது வெட்டினால் கத்தி வெண்ணெய்யில் இறங்குவது போல் இறங்கும். மறுநாள் குளிர்ந்த பிறகு வெட்டினால் விரிசல் விடும். வெட்டிய துண்டை உடனே விற்கக் கூடாது. எண்ணெய் மெழுகோடு இணங்கி நிற்க, பாரஃபினுக்குச் சில நாட்களும் சோயாவுக்கு ஒன்றிரண்டு வாரங்களும் காத்திருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவரைத் திகைக்க வைப்பது வெனிலா. அதில் உள்ள வெனிலின் என்ற பொருள் நாளாக நாளாக மெழுகைப் பழுப்பாக்கும். பால் போல வெள்ளையாக விற்ற ரொட்டி, வாங்கியவர் அலமாரியில் ஒரு மாதத்தில் காப்பி நிறமாகிவிட்டால், பழைய சரக்கு என்றுதான் நினைப்பார். அனுபவசாலிகள் வெனிலாவை வெள்ளைப் பகுதியில் சேர்ப்பதில்லை. பழுப்புக் கட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். குறையே அங்கு நிறமாகிவிடுகிறது. நிறத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். மெழுகில் கரையும் சாயம் கட்டியிலிருந்து நாளடைவில் கசிந்து வெள்ளைப் பகுதியில் பரவும். கரையாத நிறமித் தூள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அடுத்த எதிரி ஹைதராபாத்தின் மே மாதம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையும் கூரியர் வண்டியின் உட்புறமும் இன்னும் சூடாக இருக்கும். சோயா மெழுகு குழையும், எண்ணெய் வியர்த்து வெளியே முத்துக்கோக்கும். சென்னைக்கும் மதுரைக்கும் அனுப்புகிறவருக்கும் இதே கதிதான். அதனால் சோயாவோடு பாரஃபினையோ ஸ்டியரிக் அமிலத்தையோ சேர்த்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். அப்படிக் கலந்த பிறகு லேபிளில் 'சுத்தமான சோயா' என்று எழுதுவது நியாயமல்ல.

கொதிக்காத பொருள்

திரி இல்லாததால் தீ இல்லை என்று வாங்குகிறவர் நினைக்கலாம். செய்கிறவர் நினைக்கக் கூடாது. தண்ணீர் கொதித்துக் காட்டும், பால் பொங்கிக் காட்டும். மெழுகு எந்த எச்சரிக்கையும் தராது. பாரஃபின் கொதிக்காமலே சூடேறி, சுமார் 200 டிகிரியை நெருங்கும்போது எழும் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெளிப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றிவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தப்பித் தவறித் தீப்பிடித்தால் நம் கை தன்னால் தண்ணீருக்குத்தான் போகும். அதுதான் மிகப் பெரிய தவறு. தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைச் சுவரெங்கும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. உருகிய மெழுகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு அடுப்பு மூட்டுவதுதான் உத்தமம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பர்ஃபி போல இருப்பதைப் பர்ஃபி என்றே குழந்தை நம்பும். உணவைப் போலத் தோற்றமளித்து ஆபத்து விளைவிக்கும் பொருட்களுக்கு ஐரோப்பிய நாடுகள் 1987-லேயே சட்டம் செய்து தடை விதித்தன. கேக் துண்டின் மேல் க்ரீம் போலவும் செர்ரி போலவும் மெழுகு அலங்காரம் செய்வது பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு எந்த வீட்டு மேசையில் போய் உட்காரப் போகிறது என்பது செய்கிறவருக்குத் தெரியாது.

புகையில்லாத புகை

இந்தப் பொருளின் பெரிய விளம்பரம், 'புகை இல்லை, கரி இல்லை' என்பது. கரி இல்லை என்பது உண்மை. மற்றதைப் பற்றி 2025-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீடு போலவே அமைத்த ஆய்வுக்கூடத்தில் வாசனை மெழுகை உருக்கிக் காற்றை அளந்தார்கள். வாசனை எண்ணெய்யிலிருந்து எழும் டெர்பீன் என்னும் ஆவிகள், அறைக்காற்றிலிருக்கும் ஓசோனுடன் வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை உண்டாக்கின. தீயோடு எரியும் வாசனை மெழுகுவர்த்திகளுக்கு இணையான எண்ணிக்கையில் அந்தத் துகள்கள் இருந்தன. வாசனை சேர்க்காத மெழுகில் அப்படி நிகழவில்லை.

எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளின் உயிரே டெர்பீன்தான். செயற்கையானது மட்டும்தான் கெடுதல், இயற்கையானது சுத்தம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. அந்தத் துகள்களால் உடலுக்கு எவ்வளவு தீங்கு என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அதற்காக வாசனையைத் துறந்து வாழ வேண்டுமென்பதில்லை. ஊதுவத்தியும் சாம்பிராணியும் ஏற்றுகிற வீடுகளுக்கு இது புது ஆபத்தும் அல்ல. ஜன்னலைத் திறந்து வைப்பது, ஓரிரு மணி நேரத்தோடு நிறுத்துவது, கைக்குழந்தையும் ஆஸ்துமா நோயாளியும் இருக்கும் அறையில் தவிர்ப்பது ஆகிய மூன்றும் போதும். 'சுத்தமான காற்று' என்று லேபிளில் எழுதி விற்பதுதான் ஆகாது.

கூலி யாருக்கு?

கிலோ கணக்கில் பார்த்தால் சூத்திரம் எளிது. மெழுகு 920 கிராம், வாசனை எண்ணெய் 80 கிராம் சேர்ந்தால் ஒரு கிலோ ரொட்டி. 50 கிராம் வீதம் இருபது துண்டுகள். மெழுகு கிலோ 250 ரூபாய், எண்ணெய் கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மெழுகுக்கு 230 ரூபாய், எண்ணெய்க்கு 160 ரூபாய். எடையில் எட்டு சதவீதமே உள்ள எண்ணெய், மூலப்பொருள் செலவில் நாற்பது சதவீதம். கண்ணளவில் 'இன்னும் கொஞ்சம்' ஊற்றுகிற கை, லாபத்தையும் சேர்த்தே ஊற்றுகிறது. அதிக எண்ணெய் அதிக வாசமும் தராது. மெழுகு தாங்கும் அளவுக்கு மேல் போனது வெளியேதான் கசியும்.

பெரும்பாலான வீட்டுக் கணக்குகளில் விடுபடுவது வேறொன்று, செய்கிறவரின் நேரம். இரண்டு நாள் வேலை, இரண்டு வாரக் காத்திருப்பு, பெட்டி கட்டுவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது. எதற்கும் கூலி போடுவதில்லை. பழைய நகரத்து வீடுகளில் பெண்கள் எண்ணிக்கைக் கூலிக்கு வளையலில் கல் பதிப்பது நெடுநாளைய வழக்கம். கல் பதித்த கைக்குக் கிடைப்பது சொற்பம் என்றாலும், எத்தனை உருப்படிக்கு எவ்வளவு என்பதாவது தெரியும். சொந்தத் தொழில் என்ற பெருமையில் தன் கூலியைப் பூஜ்யமாக எழுதிக்கொள்ளும் மெழுகு ரொட்டிக்காரிக்கு அதுவும் தெரிவதில்லை.

சட்டத்தின் வேலியும் இப்போது இல்லை. மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் சிறுதொழில்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் உண்டு. கடைசியாக எஞ்சியிருந்த 20 பொருட்களுக்கான ஒதுக்கீட்டை மத்திய அரசு 2015 ஏப்ரலில் நீக்கியபோது, அவை இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெரிய கம்பெனிகளும் இந்தச் சந்தையில் இறங்கலாம். விலையில் அவர்களோடு மோதி வீட்டு அடுப்பு ஜெயிக்காது.

ஜெயிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள், தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், அதிகபட்ச விலை ஆகியவற்றைப் பொட்டலத்தில் அச்சிடச் சொல்கின்றன. அதோடு, மெழுகு எது, வாசனை எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் உருக்கலாம், யார் இருக்கும் அறையில் கூடாது என்று இரண்டு வரி சேர்க்க அதிகச் செலவில்லை. அத்தர் கடைக்காரர் புறங்கையில் ஒரு துளி தடவி, முகர்ந்து பார்த்து வாங்கச் சொல்கிறார். கூரியரில் போகிற மெழுகு ரொட்டிக்கு அந்த வசதி இல்லை. அதன் நாணயத்துக்கு லேபிள்தான் சாட்சி.