வெயில் காத்த ஓடைத் தவளை

மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்துவிட்டு மரத்தைவிடப் பாறையை நம்பி வாழும் தவளை ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. வடக்குக் குவின்ஸ்லாந்து மலைகளில், தண்ணீர் பாறையில் மோதித் தெறிக்கும் ஓடைகளே அதன் வீடு. அறிவியல் உலகம் அதற்கு 1979இல் லிட்டோரியா லோரிகா என்று பெயரிட்டது. நான்கு சென்டிமீட்டர் நீளம்கூட இராது. பாறையின் பழுப்பே உடம்பின் நிறம். வழுக்காமல் ஒட்டிக்கொள்ள விரல் நுனிகளில் அகன்ற தட்டுகள் உண்டு. ஆணின் மார்பில் நுண்ணிய முட்கள் இருக்கும்.

தார்ன்டன் சிகரத்தையொட்டிய மழைக்காட்டு ஓடைகளில் காணப்பட்ட இது, 1991க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. காடு அழியவில்லை, ஓடையும் வற்றவில்லை. கொன்றது கைட்ரிட் என்னும் பூஞ்சை. தவளை தோல் வழியாகவே நீரைக் குடிக்கிறது. உப்புகளையும் அங்கேயே சமன் செய்துகொள்கிறது. பூஞ்சை தோலைப் பற்றினால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும். தலைப்பிரட்டைக்கு இந்த ஆபத்து குறைவு. பூஞ்சை தேடும் கெராட்டின் அதன் வாயில் மட்டும்தான் இருக்கிறது. உருமாறித் தவளையான பிறகே சாவு நெருங்குகிறது.

2008இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் புஷன்டார்ஃப் கார்பைன் மேட்டுநிலத்தின் வறண்ட காட்டுப் பகுதியில் ஓடும் ஓர் ஓடையில் இத்தவளையைக் கண்டார். அழிந்தேவிட்டது என்று எல்லோரும் கருதியிருந்த நேரம் அது. மழைக்காட்டுத் தவளையை வறண்ட காட்டில் போய்த் தேடுவது பொதுவாக யாருக்கும் தோன்றாத காரியம்.

அந்தத் தவளைகளிடமும் பூஞ்சை இருந்தது என்பதுதான் இதில் சுவையான செய்தி. ஆனால் அவை செத்துப்போகவில்லை. கைட்ரிட்டுக்குப் பிடித்தது 17 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ச்சி. 28க்கு மேல் போனால் அதன் வளர்ச்சி தடைபடும். மேலே கிளைகள் மூடாத ஓடையில் பாறைகள் பகலெல்லாம் வெயில் குடிக்கும், இருட்டிய பிறகும் சூட்டை விடாது. இரவில் இரை தேடி வெளிவரும் தவளை அந்தப் பாறைமேல் உட்கார்ந்தால் போதும், தோலில் இருக்கும் பூஞ்சை ஒடுங்கிவிடும். நிழல் அடர்ந்த ஓடைதான் தவளைக்கு நல்லது என்று நாம் வைத்திருந்த கணக்கு இங்கே செல்லவில்லை.

பிழைத்தவை இருந்ததோ ஓடையின் குறுகிய ஒரு நீட்டத்தில் மட்டும். ஒரு கோடை, ஒரு காட்டுத்தீ போதும், மொத்த இனமும் போய்விடும். அதனால் 2013இல் சில தவளைகளைப் பிடித்து, அதே ஓடையின் மேற்பகுதியில் வெயில் விழும் வேறொரு பாறைப் பகுதியில் விட்டார்கள்.