பம்பருக்கு வர்ணம் பூசுமுன் கிணற்றை எண்ணுவோம்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்துள்ள கண்டக்குழியில் வாகனமொன்றின் பளபளப்பைக் காப்பது இலகுவான காரியமன்று. மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த இந்நிலத்தில் வீசும் காற்று உப்பைச் சுமந்தே வருகின்றது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் காற்று ஓயாது வீசும் காலத்தில், மீன்பெட்டி ஏற்றும் மோட்டார் சைக்கிளின் மட்கார்டிலும் பழைய வானின் பம்பரிலும் துரு விரைந்து ஏறிவிடுகின்றது.

புதிய வாகனம் வாங்குவது எல்லோருக்கும் இயலக்கூடியதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவும் கடும் வரிகளுடன். எனவே, குரோம் உரிந்த பாகத்துக்கு வீட்டு முற்றத்திலேயே வர்ணம் பூசிக்கொள்ளலாம் என்று ஒருவர் எண்ணுவதில் தவறில்லை. ஆனால், அதனைச் செய்யும் முறையில் கவனம் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

1797 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வோக்லான் கண்டறிந்த இவ்வுலோகத்துக்கு, நிறம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்தே குரோமியம் என்ற பெயர் வந்தது. ஆயினும், நிறம் பூசினால் அதில் ஒட்டுவதில்லை. அதன் மேற்பரப்பு கண்ணாடியைப் போன்று வழவழப்பானதும் கடினமானதுமாகும். பம்பர் ஒன்றில் நாம் காணும் பளபளப்பின் பெரும்பகுதி அடியிலுள்ள நிக்கல் படையினுடையதே. மேலேயுள்ள குரோமியப் படை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புடையது. அதிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளூடாக உப்பு நீர் இறங்கி, அடியிலுள்ள இரும்பை அரிக்கின்றது. மேலே தெரியும் சிறு புள்ளி, உள்ளே பரவிய துருவின் அடையாளம் மட்டுமே.

ஆகவே, வர்ணம் பூசுவதைவிட அதற்கு ஆயத்தம் செய்வதே பெரிய வேலையாகும். முதலில் பாகத்தைக் கழற்றி, சவர்க்காரமும் நன்னீரும் கொண்டு பலமுறை கழுவ வேண்டும். உப்பு எஞ்சியிருந்தால் அது வர்ணத்தின் அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றாக அகற்ற வேண்டும். உரிந்து நிற்கும் குரோமின் விளிம்பு கண்ணாடித் துண்டைப் போல் கையைக் கிழிக்கும் என்பதால் தடித்த கையுறை அவசியம். தளர்ந்த பூச்சை நீக்கியபின், துருவுள்ள இடத்தை 120 அல்லது 180 இலக்க சாண்ட்பேப்பராலும், முழுப் பரப்பையும் 320 இலக்கத் தாளாலும் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பு எங்குமே எஞ்சாது மங்கும்வரை தேய்ப்பதே அளவுகோலாகும். தேய்த்ததைத் தாமதமின்றி உலர்த்தி, எபொக்சி பிரைமரைத் தூரிகையால் பூச வேண்டும். தாமதித்தால் வெளிப்பட்ட இரும்பில் மீண்டும் துரு படியும். அதன்மேல் நிறத்தை மெல்லிய படைகளாகப் பூசலாம். காற்று அடங்கிய, பனியீரம் காய்ந்த முற்பகலே உகந்தது. ஈரலிப்பான வேளையில் பூசினால் சில வர்ணங்கள் வெண்மை படர்ந்து மங்கிவிடும்.

எல்லாப் பாகங்களும் இதற்குப் பொருந்துவனவல்ல. மோட்டார் சைக்கிளின் முன்பக்க ஷொக் அப்சோபர் தண்டில் உள்ள குரோமைத் தேய்த்தால் எண்ணெய் கசியும். தடுப்பாற்றலும் கட்டுப்பாடும் பாதிக்கப்படும். சைலன்சருக்குச் சாதாரண வர்ணம் பூசினால் சூட்டில் கருகிவிடும். வெப்பம் தாங்கும் வர்ணமே வேண்டும்.

இனி, நாம் வலியுறுத்த விரும்பும் விடயத்துக்கு வருவோம். தேய்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகச் சிலர் அமிலத்தையோ, பற்றரி சார்ஜரின் மின்னோட்டத்தையோ கொண்டு குரோமை உரிக்க முற்படுகின்றனர். குரோம் உலோகத்தைத் தொடுவதால் பெரிய தீங்கில்லை. ஆனால், கார நீரில் மின்னோட்டம் செலுத்தி அதனைக் கரைக்கும்போது அறுவலுக் குரோமியம் உருவாகின்றது. அது புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு. நீரில் இலகுவாகக் கரைந்து பரவக்கூடியது.

அந்த நஞ்சின் இயல்பை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழகத்தின் ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையொன்று விட்டுச்சென்ற கழிவு இலட்சம் தொன்னுக்கும் அதிகமாகக் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2006 இல் பிளாக்ஸ்மித் நிறுவகம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. ஒரு பம்பரை அந்தக் குவியலோடு ஒப்பிடுவது மிகையே. எனினும், முற்றத்து வாளியில் உருவாவதும் அதே வகை நஞ்சுதான்.

கண்டக்குழியின் நிலமோ மணல். மணலின் கீழ், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எமது கிணறுகளை நிரப்புகின்றது. முற்றத்தில் ஊற்றுவது களிமண்ணில் தங்குவதுபோல் இங்கு தங்காது. குடிப்பதும், வுழூச் செய்வதும், வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் பாய்ச்சுவதும் அந்த நீரே. ஆகவே, அமிலத்தாலோ மின்னோட்டத்தாலோ குரோம் உரிக்கும் வேலையை வீட்டில் எவரும் செய்யலாகாது.

நீர் தொட்டுத் தேய்க்கும்போது வழியும் சேற்றிலும் நிக்கலும் குரோமியமும் உண்டு. அதனைத் தட்டத்தில் ஏந்தி, பழைய பத்திரிகைத் தாளில் உறிஞ்சவைத்து, பொதியில் மூடிவைக்க வேண்டும். உலர்வாகக் கிரைண்டரால் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பதும் ஆகாது. தின்னர் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய கவசமே தடுக்கும். கடினமாக்கி கலந்து விசிறும் இருகலவை வர்ணங்கள் பலவற்றில் ஆஸ்துமாவை உண்டாக்கும் ஐசோசயனேற்று இருப்பதால், அவ்வேலையைத் தகுந்த வசதியுள்ள கராஜிடம் ஒப்படைப்பதே நல்லது. தின்னர் தோய்ந்த துணியைக் கிடுகு வேலியோரம் எறிவது தீயை அழைப்பதாகும்.

இத்தகைய கழிவுகளைக் குறித்த நாட்களில் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடொன்றைப் பிரதேச சபை கராஜ் உரிமையாளர்களுடன் இணைந்து செய்யுமாயின், அது பேருதவியாக அமையும். பழைய வாகனத்தைப் பேணுவது சிக்கனம், பாராட்டத்தக்கது. பம்பர் மீண்டும் துருப்பிடித்தால் மீண்டும் தேய்த்துப் பூசலாம். கெட்டுப்போன கிணற்றை அவ்வாறு திருத்திக்கொள்ள வழியில்லை என்பதை நாம் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டும்.