ஒரே கை வரைந்த 17,897 படக்கதைகள்

1969 மே மாதம் அப்போலோ 10 விண்கலம் நிலாவுக்குப் போனது. இறங்குவதற்கு அல்ல, இறங்கும் பயணத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்கு. தாய்க்கலத்துக்கு விண்வெளி வீரர்கள் வைத்த பெயர் சார்லி பிரவுன். அதிலிருந்து பிரிந்து, நிலாத் தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை தாழப் பறந்துவிட்டுத் திரும்பிய குட்டிக் கலத்துக்குப் பெயர் ஸ்னூப்பி. வீரர்கள் தாய்க்கலத்துக்கு மாறியதும் ஸ்னூப்பியைக் கழற்றி விட்டுவிட்டார்கள். அதன் மேல்பகுதி இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் ஸ்னூப்பி ஒரு நாய். சார்லி பிரவுன் அதை வளர்க்கும் பையன். உருண்டைத் தலை, நெற்றியில் ஒரே ஒரு சுருள் முடி, சட்டையில் கோணல்மாணலாக ஒரு பட்டை. பட்டம் விட்டால் தவறாமல் மரத்தில் மாட்டிக்கொள்ளும். தினத்தந்தியில் கன்னித்தீவு வருவதுபோல, அமெரிக்கச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்த ‘பீனட்ஸ்’ என்ற படக்கதையில்தான் இந்த இருவரும் பிறந்தார்கள். வரைந்தவர் சார்லஸ் ஷுல்ஸ்.

ஷுல்ஸ் பிறந்தது 1922-இல், மினியாபொலிஸ் நகரத்தில். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்துப் படக்கதை ஒன்றில் ஸ்பார்க் பிளக் என்று ஒரு குதிரை வரும். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த மாமா அந்தக் குதிரையை நினைத்து ‘ஸ்பார்க்கி’ என்று கூப்பிட, அதுவே ஆயுள் முழுக்க செல்லப் பெயர் ஆகிவிட்டது. வீட்டில் ஸ்பைக் என்றொரு நாய் இருந்தது. குண்டூசி, பிளேடு என்று கண்டதையும் விழுங்கும் நாய்! 1937-இல் பையன் அதை வரைந்து அனுப்ப, ‘நம்பினால் நம்புங்கள்’ வகைப் பகுதி ஒன்றில் படம் அச்சாகிவிட்டது. பின்னாளில் ஸ்னூப்பி உருவானதற்கு இந்த ஸ்பைக்தான் தூண்டுதல். ஷுல்ஸ் ஓவியம் கற்றது அஞ்சல் வழியில். இரண்டாம் உலகப் போரில் படைவீரராகவும் இருந்துவிட்டு வந்தார்.

1950 அக்டோபர் 2. ஏழு செய்தித்தாள்களில் பீனட்ஸ் தொடங்கியது. அந்தத் தலைப்பு ஷுல்ஸுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. படக்கதைகளை வாங்கிப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனம் வைத்த பெயர் அது. பெயர் பிடிக்காவிட்டாலும் கதை ஓடியது. 2,000-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள், 75 நாடுகள். கடைசிக் கதை 2000 பிப்ரவரி 13 ஞாயிறன்று வெளியானது. அதற்கு முந்தைய இரவில்தான் ஷுல்ஸ் காலமானார். மொத்தம் 17,897 கதைகள்.

பெரிய படக்கதைகளுக்கு உதவியாளர்கள் இருப்பது வழக்கம். ஒருவர் பின்னணி போடுவார், ஒருவர் எழுத்து எழுதுவார். ஷுல்ஸ் யாரையும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. யோசிப்பது, வரைவது, மை போடுவது, எழுத்து எழுதுவது எல்லாம் ஒரே கை. பேனா முனையும் பெரும்பாலும் ஒரே வகை. எஸ்டர்புரூக் 914 என்ற அந்த முனையைத் தயாரிப்பதை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மிச்சமிருந்த சரக்கு முழுவதையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கதையிலும் தேதியும் உண்டு.

ஓர் அறிவியல் ஆய்வாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரிப்பார். ஒரே ஆள், ஒரே கருவி, தேதியிட்ட பதிவு, கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு! மழை அளவைத்தான் இப்படிப் பதிவு செய்து பார்த்திருக்கிறோம். ஒரு மனிதக் கையின் அசைவுக்கு இப்படியொரு பதிவு கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அந்தப் பதிவைச் செய்தித்தாளில் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஏனென்று பார்ப்போம்.

தொடக்க காலத்தில் ஷுல்ஸ் ஒரு நாள் கதையைச் சுமார் 27 அங்குல அகலத்துக்கு வரைந்தார். உங்கள் பள்ளி அடிக்குச்சியை இரண்டு முறை வைத்து, இன்னும் மூன்று அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளிலோ அது ஒரு சாணுக்குள் சுருங்கிவிடும். முதலில் பெரிய கேமராவால் படத்தைப் பிடிப்பார்கள். அந்தப் பிலிம் வழியாக, ஒளி பட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட கோடுகளில் பூச்சு இறுகித் தங்கிவிடும். மற்ற இடத்தை அமிலம் அரித்துவிடும். இப்போது கோடுகள் மேடாக நிற்கும். அந்தத் தகட்டின்மேல் ஈரக் காகிதக்கூழ் அட்டையை அழுத்தினால் அட்டையில் பள்ளமாக அச்சு விழும். அட்டை லேசானது, தபாலில் அனுப்பலாம். ஊர் ஊராக உள்ள பத்திரிகை அலுவலகங்களில் அதன்மேல் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றித் தங்கள் அச்சுத் தகட்டைச் செய்துகொள்வார்கள். 1950-களில் ஸ்னூப்பி ஊர் ஊராகப் போனது இப்படித்தான்.

படம், பிலிம், தகடு, அட்டை, ஈயம், காகிதம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நுணுக்கம் உதிர்ந்துவிடும். அச்சில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. பென்சில் தடம் மறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் கால் மில்லிமீட்டராகிவிடும்.

மூலப்படத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். கறுப்பு நிரப்பிய இடத்தில் மை தடிமனாகவும் மெலிசாகவும் படிந்திருப்பது தெரியும். பேனாவை அழுத்தினால் முனையின் பிளவு விரிந்து கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஆகவே கோட்டின் தடிமனைப் பார்த்தே எங்கே அழுத்தினார், எங்கே விட்டார் என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் பத்திரிகையில் வண்ணத்தில் வரும். மூலமோ வெறும் கறுப்பு வெள்ளை. வண்ணம் அச்சகத்தில் சேர்ந்தது.

1981-இல் ஷுல்ஸுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கை நடுங்கத் தொடங்கியது. 1950-களின் சார்லி பிரவுன் தலை, ஒரே இழுப்பில் போட்ட வழவழப்பான வட்டம். 1990-களில் அதே வட்டம் சிற்றலைபோல் நெளிகிறது. நடுக்கம் உள்ள நோயாளியிடம் மருத்துவர்கள் காகிதத்தில் ஒரு சுருளை வரையச் சொல்வார்கள், தெரியுமா? கை வினாடிக்கு ஆறு முறை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் போட்ட கோட்டில் ஆறு நெளிவு விழும். கோடே ஒரு கடிகாரமாகிவிடுகிறது! ஷுல்ஸ் சுருள் எதையும் வரைய வேண்டியதில்லை. நாள்தோறும் வட்டத்தலை வரைந்து, தேதியும் போட்டு வைத்துவிட்டார். நடுங்கும் கோட்டில் வரைந்த அந்தக் கதைகளில்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

சரி, செய்தித்தாள் பிரதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அது மஞ்சளாகிவிடும். ஏன்? மலிவான செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழ். மரத்தை விறைப்பாக வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் லிக்னின் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறப் பொருள்களாக மாறும். கூடவே அமிலமும் உண்டாகி, காகிதத்தின் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதனால்தான் பழைய செய்தித்தாளை மடித்தால் அப்பளமாக நொறுங்குகிறது. ஓவியர்கள் வாங்கும் நல்ல அட்டையில் லிக்னின் மிகக் குறைவு. ஷுல்ஸ் போட்டதுபோன்ற கறுப்பு மையில் இருப்பது கரித்தூள், அதாவது கார்பன். வெயில் அதை வெளுக்க வைக்காது. நம் ஓலைச்சுவடிகளில் எழுத்தாணிக் கீறலுக்குள் விளக்குக் கரியைத் தேய்த்தார்களே, அதுவும் கார்பன்தான்.

மை நிலைத்தாலும் காகிதத்துக்குக் காவல் வேண்டும். காப்பகங்களில் படங்களை அமிலமில்லாத உறைகளில், இருட்டில், குளுமையாக, ஈரப்பதம் ஏறி இறங்காமல் வைக்கிறார்கள். காட்சிக்கு வைத்தால் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் எவ்வளவு மங்கல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷுல்ஸ் தன் மூலப்படங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தார். சட்டென்று கிறுக்கிப் பார்த்த தாள்களைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடுவார்; அவருடைய செயலாளர் அவற்றில் சிலவற்றை எடுத்து, இஸ்திரி போட்டு நிமிர்த்தி வைத்தார். ஷுல்ஸ் வாழ்ந்த கலிபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் 2002-இல் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான மூலப்படங்கள் இருக்கின்றன. 2017 அக்டோபரில் அந்த ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது ஷுல்ஸின் வீடு எரிந்து போனது. அருங்காட்சியகம் தப்பியது, படங்களும் தப்பின.

நீங்களும் படம் வரைகிறவரா? அப்படியானால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா வண்ணம் வெயிலில் வெளிறும், ஜன்னலோரம் மாட்டாதீர்கள். கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். சுருட்டாமல், மடிக்காமல் ஒரு கோப்பில் தட்டையாகப் போட்டு பீரோவுக்குள் வையுங்கள்.