மணலை உடுத்தும் கோரை

கோரை என்றதும் நமக்கு நீர்தான் நினைவுக்கு வரும். ஆற்றோரம், வாய்க்கால், குளத்தங்கரை. பத்தமடைப் பாய்க்கு வரும் கோரையும் ஈரத்தில் வளர்ந்ததே. நைல் சதுப்பில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பப்பைரஸும் கோரையின் சைப்ரஸ் பேரினம்தான். ஏறத்தாழ 950 இனங்கள் கொண்ட இந்தப் பேரினத்தில் ஒன்று அரபியாவின் ரப் அல் காலி பாலைவனத்துக்குள் புகுந்து குடியேறியிருக்கிறது. தாவரவியலில் சைப்ரஸ் கான்குளோமரேட்டஸ் என்று பெயர். 1772இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் ரோட்பெல் சூட்டியது. வளைகுடா அரபியர் தெந்தா என்கிறார்கள்.

ரப் அல் காலி சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். ஆண்டு மழை 50 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல இடங்களில் சில ஆண்டுகள் அதுவும் கிடையாது. இங்குள்ள தாவரங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மாண்டவில் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு அவர் பட்டியலிட்டது 37 தாவர இனங்கள்தான். அவற்றிலும் நடுமணலில் வளர்பவை இருபது. தெந்தா அந்த இருபதில் ஒன்று, அதிலும் பரவலாகக் காணப்படுவது. ஒட்டகத்துக்கு நல்ல மேய்ச்சலும்கூட.

பார்வைக்கு எளிய செடி. விறைத்த, குறுகிய, வாய்க்கால்போல் குழிந்த இலைகள்; தண்டின் உச்சியில் நெருங்கித் திரண்ட சிறுகதிர்கள். ஒவ்வொரு சிறுகதிரிலும் செதில்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கப்பட்டிருக்கும். பூவுக்கு இதழ் இல்லை. மகரந்தத்தைக் காற்று சுமக்கிறது.

விந்தையெல்லாம் மண்ணுக்குக் கீழே. பாலைவனத்தில் மணற்குன்று செடிக்குப் பகை என்றுதான் தோன்றும். உண்மை வேறு. கெட்டித் தரையில் விழும் சிறு மழை மேலேயே தங்கி ஆவியாகிவிடும். மணலில் விழுந்தால் உடனே இறங்கிவிடும். பிறகு மேல்மணல் காய்ந்ததும், அந்தக் காய்ந்த அடுக்கே கீழுள்ள ஈரம் மேலேறாமல் தடுக்கும் மூடியாகிறது. மழை அற்ற நாட்டில் குன்றின் வயிறுதான் ஈரம் நெடுநாள் தங்கும் இடம். தெந்தாவின் வேர்கள் மேல்மணலுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் வெகுதூரம் படர்ந்து, அந்த ஈரத்தைத் தேடிப் பிடிக்கின்றன.

அந்த வேரைத் தோண்டிப் பார்த்தால் வேர் தெரியாது, மணல்தான் தெரியும். எண்ணெய் தடவிய விரலை மணலில் புரட்டியதுபோல, முழு நீளத்துக்கும் மணற்பருக்கைகள் உறையாக ஒட்டியிருக்கும். அடர்ந்த வேர்த்தூவிகளும் வேர் கசியும் பசையும் சேர்ந்து இந்த உறையைக் கட்டுகின்றன. வேர் காய்ந்து சுருங்கினாலும் மண்ணோடு தொடர்பு அறுவதில்லை. உள்ளே இருக்கும் நீர் எளிதில் வெளியே போவதில்லை. காற்று மணலை அரித்து வேரை வெளியில் போட்டாலும் உறை சில காலம் கவசமாக இருக்கிறது. தன்னைச் சுட்டெரிக்கும் மணலையே உடுத்திக்கொள்ளும் இந்தச் செடியை நான் வியக்காத நாளில்லை.

மேலே இலையிலும் சிக்கனம் உண்டு. கரும்பு, சோளத்தைப்போல இதுவும் சி-4 வகை ஒளிச்சேர்க்கை செய்வது. கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்துவதால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை. அதே உணவைச் சமைக்கச் செலவாகும் நீர் குறைகிறது.

மணல் வந்து மூடினால் பெரும்பாலான செடிகள் மூச்சு முட்டிச் சாகும். தெந்தா மூடிய மணலுக்கு மேலே புதுத் தளிர்களை அனுப்பும். புதரில் மோதும் காற்று மேலும் மணலைக் கொட்டும். அது மேலும் வளரும். இப்படித்தான் சிறு மேடுகள் உருவாகின்றன. துபாய்க்கு வெளியே மணற்குன்றுகளைப் பார்க்கப் போன நம்மவர்கள், தலைமுடி சிலும்பிய அந்த மேடுகளைக் கட்டாயம் கண்டிருப்பார்கள்.

குவைத்தில் இதன் கதை சற்றே கசப்பானது. அந்நாட்டின் தேசிய மலரான அர்ஃபஜ் ஒரு புதர்ச்செடி. மிகை மேய்ச்சலாலும் வண்டித் தடங்களாலும் அது அழிந்த பல இடங்களில் மணல் தளர்ந்து நகரத் தொடங்க, தெந்தா வந்து நின்றது. அதனால் ஆய்வாளர்கள் தெந்தா மிகுந்த நிலத்தைச் சீரழிந்த நிலத்தின் அடையாளமாகக் கொள்கிறார்கள். அடையாளம் என்பது சரி. ஆனால் குற்றம் செடியுடையதல்ல. தளர்ந்த மணலைப் பிடித்து நிறுத்த அங்கே வேறெதுவும் மிஞ்சாதபோது பிடித்து நிற்பது அது. மணற்குன்றில் வண்டி ஓட்டுபவர்கள் புதரைச் சுற்றிப் போனால் மட்டும் போதாது, நன்றாகவே விலகிப் போக வேண்டும். புதர் முடியும் இடத்தில் வேர் முடிவதில்லை.