மருத்துவக் கழிவு: பிரித்தால் பாதி வேலை முடிந்தது

நோய் தீர்க்கும் இடம் மருத்துவமனை. அங்கிருந்து வெளியேறும் குப்பையே நோயைப் பரப்பினால் என்ன செய்வது? 2009-ல் குஜராத் மாநிலம் மோடாசா பகுதியில் ஹெப்படைட்டிஸ்-பி பரவிப் பல உயிர்களைப் பலி கொண்டது. ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

மருத்துவமனைக் கழிவில் ஏறக்குறைய 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபத்தானது மீதி 15 சதவீதமே. ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் நூறு சதவீதமும் ஆபத்துதான்! ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் பணியாற்றிய காலத்தில் பித்தளைக்கு ஒரு தொட்டி, செம்புக்கு ஒரு தொட்டி, எண்ணெய்த் துணிக்கு ஒரு தொட்டி என்று வைத்திருப்போம். கலந்த பங்காருக்கு விலை கிடையாது. அதே பாடம்தான் இங்கும்.

நம் நாட்டில் இதற்கான விதிகள் 1998-ல் வந்தன; 2016-ல் திருத்தி அமைக்கப்பட்டன. உடல் திசு, இரத்தம் தோய்ந்த பஞ்சு ஆகியவை மஞ்சள் பையில். டியூப், கையுறை முதலிய பிளாஸ்டிக் சிவப்புப் பையில். ஊசி, பிளேடு துளைபடாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி நீலப் பெட்டியில் சேரவேண்டும்.

எரிப்பதா, அவிப்பதா?

எல்லாவற்றையும் எரித்துவிடலாமே என்று தோன்றும். பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் சரியாக எரிக்காவிட்டால் டையாக்ஸின் என்ற நச்சு வெளிவரும். அதனால்தான் குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் கைவிடும்படி 2016 விதிகள் கூறின. சிவப்புப் பைக் கழிவை எரிக்கத் தேவையில்லை. ஆட்டோகிளேவ் என்ற கொதிகலனில் 121 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் அவித்தால் கிருமிகள் மாளும். நம் சமையலறைப் பிரஷர் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பிறகு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

பொருள்களிலும் சிக்கனம் வேண்டும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்த காலத்துக்குத் திரும்ப முடியாது, கூடவும் கூடாது. ஆனால் ஸ்டீல் தட்டு, துவைத்துச் சுத்திகரிக்கும் பருத்தி அங்கி, பாதரசம் இல்லாத டிஜிட்டல் தெர்மாமீட்டர் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நம் வீட்டுப் பங்கு

2018-ல் முலுண்ட் குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். குப்பை குறையவில்லை, வேறு பேட்டைக்குப் போயிற்று, அவ்வளவுதான். மும்பையின் மருத்துவக் கழிவை எரித்த ஆலையின் புகையை கோவண்டி மக்கள் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தார்கள். அவர்கள் வழக்காடிய பிறகு, ஆலையை இரண்டு ஆண்டுகளுக்குள் இடம் மாற்றும்படி 2023-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது.

சர்க்கரை வியாதி இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று ஏது? இன்சுலின் ஊசியைச் சமையல் குப்பையோடு போட்டால், அது குத்துவது கச்சராப் பையைப் பிரிக்கும் பெண்ணின் விரலைத்தான். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைச் சேர்த்து, மூடியை இறுக்கி, ‘சூயி’ என்று இந்தியில் எழுதி ஒட்டித் தனியாகக் கொடுங்கள். உங்கள் டாக்டரின் கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்றும் கேளுங்கள்.

செலவு ஒரு காலி பாட்டில்தான். காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் உழைக்கும் கை.