‘மூன்றாம் ரிச்சர்டு’ நாடகத்தில் அதிகாரமும் ஊழும் பெண்களின் சொல்லும்

ஆய்வுச்சுருக்கம்

எலிசபெத் காலத் துன்பியல் நாடகங்களுள் கொடுங்கோன்மையை மையப்பொருளாகக் கொண்டவற்றுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்டு’. இந்நாடகத்தில் ஊழ், அதிகாரத்தை இழந்த பெண்களின் சாபமாக வெளிப்படுவதையும், அச்சாபத்தைப் பொருட்படுத்தியவர் அதிலிருந்து விலக வழியிருப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

1592–93ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்நாடகம் 1597இல் முதன்முதலாக அச்சேறியது. யார்க், லங்காஸ்டர் மரபினரிடையே நிகழ்ந்த ரோஜாப் போர்களின் இறுதிக்கட்டமே இதன் களம். அண்ணன் கிளாரன்ஸையும், மற்றோர் அண்ணனான அரசனின் இளம் மைந்தர் இருவரையும் கொல்வித்து முடிசூடும் ரிச்சர்டு, போஸ்வொர்த் களத்தில் ரிச்மண்டுக்கு எதிராகப் போரிட்டு வீழ்கிறான். இதனை ஒரு கொடியவனின் எழுச்சி வீழ்ச்சியாக மட்டும் கொண்டால், பெண்பாத்திரங்கள் வெறும் புலம்புவோராகவே எஞ்சுவர். நாடகத்தின் அமைப்போ வேறொன்றைக் காட்டுகிறது.

மார்கரெட்: நினைவாக வரும் ஊழ்

வரலாற்றில் அரசி மார்கரெட் 1482இல் பிரான்சில் இறந்தாள். ரிச்சர்டு அரசனானது 1483இல். இருப்பினும் ஷேக்ஸ்பியர் அவளை அரண்மனைக்குள் நடமாட விடுகிறார். கணவனையும் மகனையும் அரியணையையும் இழந்த அவளிடம் எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. முதல் அங்கத்தில் அவள் இடும் சாபங்கள் நாடகம் நெடுகப் பலிக்கின்றன. கிரே, ஹேஸ்டிங்ஸ், பக்கிங்ஹாம் ஆகியோர் கொலைக்களம் செல்லும் வேளையில் அவளை நினைவுகூர்கின்றனர். ஆயினும் மார்கரெட் குற்றமற்றவள் அல்லள். ரிச்சர்டின் தந்தையை அவள் கொடுமைப்படுத்திக் கொன்றதை ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பகுதி காட்டுகிறது. ஆதலின் அவளுடைய சாபத்தின் வலிமை கற்பின் வலிமையோ தூய்மையின் வலிமையோ அன்று. வென்றவர்கள் மறக்க விரும்பும் குருதிக் கணக்கை அவள் மறக்க மறுப்பதே அதன் அடிப்படை.

ஆன்: தன்மேல் திரும்பிய சொல்

மாமனாரின் பிணத்தருகே நின்று, ரிச்சர்டுக்கு மனைவியாகப்போகும் எவளும் துயருறுக என ஆன் சபிக்கிறாள். அக்காட்சி முடிவதற்குள்ளாகவே அவனுடைய சொல்வன்மை அவளைத் தடுமாறச் செய்கிறது. நான்காம் அங்கத்தில், தன் சாபம் தன்னையே வந்தடைந்ததை அவள் உணர்கிறாள். காவலற்ற கைம்பெண்ணுக்கு எதிராக அதிகாரம் காதல்மொழியையும் கருவியாக்கும் என்பதே இக்காட்சிகளால் பெறப்படுவது.

அரசி எலிசபெத்: ஊழை விலக்கிய அறிவு

மார்கரெட்டின் சாபத்திற்கு உள்ளானோருள் அரசி எலிசபெத்தின் மகன் டார்செட்டும் ஒருவன். ரிச்சர்டு முடிசூடும் செய்தி கேட்டதும், அச்சாபத்தை நினைவுகூர்ந்தே எலிசபெத் அவனைக் கடல் கடந்து ரிச்மண்டிடம் செல்லுமாறு பணிக்கிறாள். அவன் உயிர் பிழைக்கிறான். சாபத்தை எள்ளிய ஆடவர் மடிய, அதனை எச்சரிக்கையாகக் கொண்ட தாய் தன் மகனைக் காக்கிறாள். எனவே இந்நாடகத்தின் ஊழ் மாற்றவியலாத விதியன்று எனக் கருத இடமுண்டு.

பின்னர் ரிச்சர்டு அவளுடைய மகளை மணம் கேட்கிறான். ஆனிடம் வென்ற அதே உத்தியையே இங்கும் கையாள்கிறான். எலிசபெத் அவனுடைய ஒவ்வொரு வாதத்தையும் மறித்து, உடன்பட்டவள் போலத் தோன்றி விலகுகிறாள். அவளை அறிவற்றவள் என அவன் இகழ்கிறான். ஆனால், அடுத்த காட்சியிலேயே மகளை ரிச்மண்டுக்கு மணமுடிக்க அவள் இசைந்த செய்தி வெளிப்படுகிறது.

முரசொலியும் பெண்குரலும்

நான்காம் அங்கத்தில் தாயாகிய யார்க் கோமகளும் எலிசபெத்தும் வழிமறித்துக் கேள்வி கேட்கும்போது, அவர்கள் குரல் கேளாதவாறு முரசறையவும் எக்காளம் ஊதவும் ரிச்சர்டு ஆணையிடுகிறான். படையைக் கண்டு அஞ்சாதவன் இங்குச் சொல்லை அஞ்சுகிறான். பிற்கால அரங்கிலும் இக்குரல் குறைக்கப்பட்டது. 1700ஆம் ஆண்டளவில் காலி சிப்பர் உருவாக்கிய தழுவலிலும், லாரன்ஸ் ஒலிவியரின் 1955ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் மார்கரெட் இடம்பெறவில்லை. அவளை நீக்கும்போது, பின்வரும் மரணங்கள் பழைய குற்றங்களோடு கொண்ட தொடர்பு மங்கி, ரிச்சர்டின் தனித்திறமையே முன்னிற்கிறது.

முடிவுரை

பெண்களின் சொல் கொடுங்கோன்மையின் வீழ்ச்சியை முன்னறிவிக்கிறது. அதற்கு வழியும் அமைக்கிறது. எனினும் வெற்றியின் பயன் அவர்களைச் சேரவில்லை. ஐந்தாம் அங்கத்தில் ஆனின் ஆவியைத் தவிர வேறு பெண்பாத்திரம் மேடையேறுவதில்லை. இரு மரபுகளையும் இணைக்கும் மணமகளுக்கு நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய பேர்த்தியான முதலாம் எலிசபெத் ஆண்ட காலத்தில், சிறுவர்கள் பெண்வேடம் பூண்ட மேடையில் இந்நாடகம் நிகழ்ந்தது என்பதும் இம்முரணோடு சேர்த்து எண்ணத்தக்கது. கொடுங்கோலனை வீழ்த்துவதில் பங்கேற்ற குரல், அவனுக்குப் பின் அமையும் ஆட்சியில் இடம் பெறாமையே இத்துன்பியல் விட்டுச்செல்லும் தீராத சிக்கலாகும்.